சொம்புப் படத்தில் ஒரு புளியமுத்து

இப்படி வந்து இந்தப் பெஞ்சில் உட்காருங்கள் தம்பி. அந்தப் பெஞ்சுக்கு மேலே ஃபேன் ஓடாது. காலையில் வந்ததும் எல்லாப் பெஞ்சிலும் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் நான் இதைப் பிடித்தேன். காற்றும் வரும், பெண்கள் வார்டு வாசலும் நேராகத் தெரியும். ஒரே குறை, எதிரே கக்கூஸ். பெண்களுக்கு உள்ளதில் ஏதோ வேலை நடக்கிறது என்று பூட்டிப் போட்டிருக்கிறார்கள். ஆண், பெண் எல்லாருக்கும் இப்போது இது ஒன்றுதான். கதவில் தாழ்ப்பாளும் இல்லை. உள்ளே போகிறவர்கள் இருமிக்கொண்டே இருக்கிறார்கள். சற்றுமுன் ஒரு போலீஸ்காரர் போனார், ஒரு பாட்டை முழுசாகப் பாடி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். நல்ல சாரீரம்.

நீங்கள் யாரைச் சேர்த்திருக்கிறீர்கள்? தங்கச்சியா? தலைப்பிரசவமா? நல்லபடியாக ஆகும். எனக்கு மருமகள். பேச்சித்தாய் என்று பெயர். ஏழு மாசம். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குப் பின்பக்கம் குத்துவலி. முந்தாநாள் கொண்டுவந்து சேர்த்தோம். காய்ச்சல் இறங்காவிட்டால் வலி முன்கூட்டியே வந்துவிடுமாம், ஏழு மாசப் பிள்ளை தாங்காதாம். அப்படித்தான் டாக்டர் சொன்னார், மாட்டு வியாபாரம் பேசுகிற மாதிரி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்க வேண்டுமாம், குடித்தால்தான் மருந்து வேலை செய்யுமாம். அவள் குடிக்கமாட்டேன் என்கிறாள். வார்டு வாசலில் பாருங்கள், மண்பானையில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள், மேலே டம்ளர் கவிழ்த்தியிருக்கிறது. தொடவே இல்லை. ஏன் தாயி என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

என் பெயர் குருவையா. கருங்குண்டுப்பட்டியில் வந்து குருவையா வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. புளுகாண்டி வீடு என்று கேட்க வேண்டும், ஆடு மாடுகூட வழி காட்டும். நான் என்ன பெரிதாகப் புளுகிவிட்டேன். ஒரு நாள் சாயங்காலம் மங்கலில் கயிறு என்று நினைத்து ஒரு சாரைப்பாம்பை எடுத்து, ஆட்டின் கழுத்தில் ஒரு முடிச்சும் முளைக்குச்சியில் ஒரு முடிச்சும் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் ஆடு நிம்மதியாக அசைபோடுகிறது. பாம்புதான் ரெண்டு முடிச்சுக்கும் நடுவில் கிடந்து, அவிழ்த்துவிடுமய்யா என்று என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறது. அவிழ்த்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பாம்பு எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. இதைச் சொன்னதற்குத்தான் அந்தப் பெயர்.

சிரித்துவிட்டீர்கள். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். வாய் பழக்கப்பட்டுவிட்டது, என்ன செய்ய. உள்ளே எனக்கு வெட்கம் தம்பி. ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. ஏன் என்று கேளுங்கள். பாம்பு வரவில்லை. அதுதான்.

அதோ, வாசலில் வந்து நிற்கிறாளே, பச்சைச் சேலை, புறங்கையில் பிளாஸ்திரி ஒட்டி. அவள்தான். புருஷன் வந்துவிட்டானா என்று பார்க்கிறாள். மகன் மாரிக்கண்ணன் திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறான், பனியன் கம்பெனியில் லீவு கொடுக்க அழுதார்களாம். இன்னும் வரல தாயி, போய்ப் படு. பார்த்தீர்களா, என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். மரியாதை தெரிந்த பிள்ளை. சொந்த அக்காள் மகள்தான், சின்னதில் என் தோளில் ஏறி விளையாடியவள்தான். ஆனாலும் மருமகளாக வந்த பிறகு எனக்கு எதிரே நின்றதில்லை.

பாம்புக் கதைக்கு வருகிறேன்.

மாசி மாதம். பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். எங்களுக்குப் பக்கத்து ஊரில்தான் சுகாதார நிலையம். அங்கே புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். சின்ன வயசு. வந்த கையோடு ஊர் ஊராகக் கூட்டம் போட ஆரம்பித்தார். என்ன கூட்டம் என்றால், உங்கள் ஊரில் உடம்புக்கு எது பெரிய கஷ்டம், அதை நீங்களே சொல்லுங்கள் என்று. எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் பார்க்க ஆளும் இல்லை, மருந்தும் இல்லை, நீங்கள் முதலில் சொல்வதைத்தான் முதலில் செய்வேன் என்றார். இதுவரைக்கும் எங்களை இப்படி ஒருத்தர் கேட்டதில்லை. வருவார்கள், மாத்திரை கொடுப்பார்கள், போவார்கள். தலைவலிக்காரனுக்கும் அதே மாத்திரை, தடுக்கி விழுந்தவனுக்கும் அதே மாத்திரை.

சாவடிக்கு முன்னால் கூடினோம். தரையில் வரிசையாகப் படம் விரித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டுமே. சர்க்கரை வியாதிக்கு ஒரு லட்டு. மூட்டு வலிக்கு முழங்கால். காய்ச்சலுக்குக் கொசு. அந்தக் கொசுவை வரைந்தவர் நல்ல தாராள மனசுக்காரர், நான் கோழி என்றே நினைத்துவிட்டேன். அப்புறம் அடுப்புப் புகைக்கு ஒன்று, பாம்புக்கடிக்குப் பாம்பு. கடைசியில், ஓரமாக, ஒரு சொம்பு.

சொம்பு எதற்கு என்று ஒரு இளவட்டம் கேட்டான். தெரிந்துகொண்டே கேட்டான். டாக்டரம்மாவோடு வந்திருந்த நர்ஸம்மா கூச்சமே இல்லாமல் சொன்னார்: நீர்க்கடுப்பு, அடக்கி அடக்கி வருகிற தொந்தரவு, ஒதுங்க இடமில்லாத கஷ்டம், எல்லாம் இந்தப் படத்தில் சேர்த்தி என்று. ஆண்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் சாவடிக் கூரையைப் பார்த்தேன்.

ஆளுக்கு ஒரு பிடி புளியமுத்து கொடுத்தார்கள். உங்கள் பக்கம் புளியங்கொட்டை என்பீர்களோ? எது பெரிய கஷ்டமோ அந்தப் படத்தில் நிறையப் போட வேண்டும், சின்னதென்றால் குறைய. எந்தப் படத்தில் குவியல் பெரிதோ அதற்குத்தான் முதல் வேலை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டப்பகல், ஊரே சுற்றி நிற்கிறது. எவர் கை எந்தப் படத்துக்குப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதில் டாக்டரம்மா வேறு, முதலில் பெண்கள் போடட்டும் என்றுவிட்டார்.

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. மாமியார், நாத்தனார், கொழுந்தன் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது யார் எழுந்திருப்பார்கள்? இவள் எழுந்தாள். பேச்சித்தாய். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற பிள்ளை, நாலு பேரோடு பேசிப் பழகியவள். முத்தைக் கையில் மூடிக்கொண்டு நடந்தாள். லட்டைத் தாண்டினாள். முழங்காலைத் தாண்டினாள். கொசுவைத் தாண்டினாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, எங்கே போகிறாள் என்று.

எனக்கு மட்டுமா தெரிந்தது. பின்னால் டீக்கடைச் சங்கையா, சத்தமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, சரியாக என் காதுக்கு எட்டுகிற அளவில் சொன்னான்.

“குருவையா மருமகளுக்கு என்னமோ அவசரம் போலருக்கு.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். என் காது ரெண்டும் சுட்டது தம்பி. என் வீட்டு மருமகள், ஊர்ச் சபையில், சொம்புப் படத்தில் கையை வைத்தால் நாளைக்கு என்னவெல்லாம் பேசுவார்கள். அவள் குனிகிறாள். நான் தொண்டையைக் கனைத்தேன்.

“அம்மா, ஒரு நிமிஷம்” என்றேன். “லட்டு, கொசுன்னு எல்லாத்துக்கும் எடம் ஒதுக்கிட்டீக. கெழக்க வேலிக்காட்டுல கெடக்கிறவனை மறந்துட்டீகளே.”

எங்கள் ஊருக்குக் கிழக்கே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். வேலிக்காடு என்போம். அங்கே ஒரு கண்ணாடி விரியன் என்று ஆரம்பித்தேன். உலக்கைத் தடிமன். உடம்பில் உள்ள வட்டம் ஒவ்வொன்றும் அப்பளம் அகலம். சீறுகிற சத்தம் குக்கர் விசில் மாதிரி. மூன்று விசில் விட்டுவிட்டுத்தான் கொத்தும், அதற்குள் ஓடிவிட்டால் தப்பித்தோம் என்றேன். முதலில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சொல்கிறவன் சிரிக்காமல் நின்றால் கேட்கிறவன் சிரிப்பு தானாக வற்றிவிடும், இது எனக்குப் பழக்கம். பிறகு குரலைத் தாழ்த்தினேன். நேற்று அதன் தடத்தைப் பார்த்தேன் என்றேன். எந்தப் பக்கம் தெரியுமா, அந்தப் பக்கம் யார் யார் போவீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை என்றேன்.

பெண்கள் பக்கம் ஒருத்தி ஐயோ என்று எழுந்துவிட்டாள்.

பேச்சித்தாய் கையை நீட்டியபடியே நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நிமிர்ந்து, ரெண்டு எட்டு பின்னால் வந்து, கையில் இருந்த மொத்த முத்தையும் பாம்புப் படத்தில் கொட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் என்ன, ஊரே எழுந்தது. பாம்புப் படம் குவியலுக்குள் மறைந்துபோனது. வால்கூடத் தெரியவில்லை. குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று துண்டை உதறித் தோளில் போட்டேன்.

எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சொம்புக்குப் பக்கத்தில் நின்றார். அதில் ஒரே ஒரு புளியமுத்து கிடந்தது. இது யார் போட்டது என்று கேட்டார். இதற்கு வேறு யாருமே இல்லையா, நிச்சயமாகவா என்று பெண்களைப் பார்த்து மறுபடியும் கேட்டார். எல்லாரும் தரையைக் கீறிக்கொண்டிருந்தார்கள். நான்தான் முன்னால் போனேன். காற்றுக்கு உருண்டு வந்திருக்கும் அம்மா என்று சொல்லி, அந்த முத்தை எடுத்துப் பாம்புக் குவியலில் சுண்டினேன். கைதட்டினார்கள். எனக்குத்தான் கைதட்டினார்கள்.

டாக்டரம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஊர் சொன்னதைச் செய்தார். பாம்புக்கடி மருந்து வாங்கி வைத்தார். கடிபட்டவனை எப்படித் தூக்கி வர வேண்டும் என்று நர்ஸம்மா எல்லாருக்கும் காட்டினார், நான்தான் கடிபட்டவன், கட்டிலில் கிடத்தித் தெருவைச் சுற்றினார்கள், சுகமாக இருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் ஒரு ஜேசிபியைக் கொண்டுவந்து வேலிக்காட்டை மொத்தமாக வழிக்க ஏற்பாடு செய்தார். பாம்புக்கு ஒளிய இடம் இருக்கக்கூடாதல்லவா.

அன்றைக்கு ஊரே கம்போடு நின்றது, என் பாம்பைப் பார்க்க. நானும் நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு குட்டிப் பாம்பாவது வந்துவிடாதா என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். காட்டைச் சுத்தமாக வழித்தாகிவிட்டது. ஒரு ஓட்டைக் குடை, சோடி இல்லாத சில செருப்பு. கடைசியில் ஒரு கீரி ஓடியது. பார்த்தீர்களா, கீரி இருக்கிறது, அப்படியென்றால் பாம்பு இல்லாமலா என்றேன். சங்கையா, “சரிதான், உம்ம பாம்பைத்தான் அது தின்னுட்டு ஓடுது, வயித்தைப் பாரும்” என்றான். அன்றிலிருந்து நான் தெருவில் போனால் பயல்கள் குக்கர் விசில் அடிக்கிறார்கள். மூன்று விசில். எண்ணி மூன்று. வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன், எதற்கும் யாரும் சாட்சி கேட்டதில்லை. இந்த ஒன்றுக்கு ஜேசிபி வைத்துத் தேடினார்கள். இதைவிட வெட்கம் ஒரு மனுஷனுக்கு உண்டா என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இன்று காலை வரைக்கும்.

அதோ, மறுபடியும் வந்துவிட்டாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் பாருங்கள். புருஷன்மேல் அவ்வளவு பிரியம். வந்துருவான் தாயி, பஸ்ஸு ஏறிட்டானாம். போ, போய்ப் படுத்துக்கோ. ம், போய்விட்டாள்.

காடு போனபின் ஊர் நன்றாகத்தான் இருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் தெரியும். நடுவில் ஒரு மறைவு கிடையாது, கண்ணுக்கு எட்டுகிறவரை வெட்டவெளி, ரோட்டில் போகிற பஸ்ஸில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இங்கிருந்தே சொல்லலாம். நல்ல காற்று. நானே மெச்சியிருக்கிறேன்.

கக்கூஸா? வீட்டுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்களே. எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் குழாயில் தண்ணீர் வருவது எப்போதோ ஒரு நாள், குடிக்கப் பிடித்து வைப்பதே பாடு, அதில் கொண்டுபோய் யார் ஊற்றுவது? நான் அதில் காய்ந்த பருத்திச் செடியை, பருத்திமார் என்போம், அடுக்கி வைத்திருக்கிறேன், அடுப்புக்கு. மழை படாத இடம். ஒரு ஓரத்தில் கோழி ஒன்று அடை கிடக்கிறது. ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். தலைவர் வீட்டில் உரமூட்டை.

பேச்சித்தாய் சிக்கனமான பிள்ளை என்று சொன்னேனா? காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோவாள். சாயங்காலம் அப்படியே திரும்பக் கொண்டுவந்து பானையில் ஊற்றுவாள். தண்ணீருக்குத் தவிக்கிற ஊரில் இப்படி ஒரு மருமகள் யாருக்கு வாய்க்கும் என்று நான் டீக்கடையில் பெருமை பேசியிருக்கிறேன். கோடையில் நுங்கு வாங்கிவந்து கொடுத்தேன், அதையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். அதற்கும் பெருமைதான் பேசினேன்.

அப்புறம் காய்ச்சல் வந்தது. வீட்டில் பெண்கள் குசுகுசு என்று பேசுவார்கள், நான் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவார்கள். என்ன என்று கேட்டால் என் வீட்டுக்காரி வெயிலாச்சி, “சூடு” என்பாள். சரி, கோடைதானே, சூடுதான் என்று விட்டுவிட்டேன். ஒரு சாயங்காலம் பிள்ளை பல் கிட்டிக்கொண்டு நடுங்கியபோதுதான் வேன் பிடித்தோம்.

இன்று காலை டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெண் பகலில் தண்ணீரே குடிப்பதில்லையா என்று கேட்டார். ஆமாய்யா, சின்ன வயசிலேயே அவ்வளவு சிக்கனம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். உங்கள் வீட்டில் கழிப்பறை இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். உபயோகத்தில் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். பொய் இல்லையே தம்பி. பருத்திமாருக்கு உபயோகம்தானே.

வெயிலாச்சி பக்கத்தில் நின்று இதைக் கேட்டாள். என் கதை எதையும் அவள் நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசினதில்லை. ஆட்டைப் பாம்பில் கட்டிய கதைக்குக்கூட, ஆமாம், முடிச்சு நான்தான் அவிழ்த்தேன் என்பாள். டாக்டர் போன பிறகு இந்த இடத்தில்தான், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் வந்து உட்கார்ந்தாள். முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை.

“ஒதுங்க மறைவில்லாத ஊருல எவ தண்ணி குடிப்பா? விடியிறதுக்கு முன்ன ஒருக்க, இருட்டுன பெறகு ஒருக்க. நடுவுல எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் கெடக்கோம். வாயும் வயிறுமா இருக்கிறவ எம்புட்டு நேரம் அடக்குவா? இருந்தது அந்த வேலிக்காடு ஒண்ணு. அதுக்குள்ளயும் பாம்பை விட்டீக.”

நான் என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன்.

“அந்த ஒத்தை முத்து காத்துக்கு உருண்டு வரல. நான் வச்சது” என்றாள்.

எழுந்து கீழே கஞ்சி வாங்கப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பேரன் எடுக்கப் போகிறோம். அவள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள், யாரோடு கூட்டுச் சேர்ந்து போவாள், வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வாள், ஒன்றும் எனக்குத் தெரியாது தம்பி. யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூடத் தெரியாது. நமக்கென்ன, கண்மாய்க்கரை இருக்கிறது, ரோட்டோரம் இருக்கிறது, சுவர் இருக்கிறது, வேட்டி இருக்கிறது. பாம்பு வரவில்லை என்றா நான் வெட்கப்பட்டேன்? பயல்கள் விசில் அடிக்கிறார்கள் என்றா? அவள் கை நீண்டபோது என் காது சுட்டதே, அதை இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் சுடுகிறது. பிழைத்து எழுந்து வரட்டும். பிள்ளையும் இருக்கட்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அதோ பாருங்கள், திரும்ப வந்து நிற்கிறாள். பஸ்ஸு வந்துருச்சு தாயி, இப்ப...

தம்பி.

மாடிப்படி இருப்பது அந்தக் கோடியில். மாரிக்கண்ணன் வந்தால் அந்தப் பக்கமாகத்தான் வர வேண்டும். இவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் பார்க்கிறாள். இந்தக் கதவைப் பார்க்கிறாள். கதவுக்கு நேர் எதிரே நம்மைப் பார்க்கிறாள்.

காலையிலிருந்து வந்து வந்து போகிறாள். மாமனார் கால்மேல் கால் போட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறான், தாழ்ப்பாள் இல்லாத கதவு. எப்படி வருவாள்? எப்படித் தண்ணீர் குடிப்பாள்? நான் ஃபேனுக்காகப் பிடித்த பெஞ்சு தம்பி இது.

எழுந்திருங்கள். தயவுசெய்து எழுந்திருங்கள். இப்படி வந்து கதவுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். தாயி. வா தாயி. நான் இங்ஙன நிக்கேன். ஒருத்தரும் உள்ள வரமாட்டாக. வா.

வருகிறாள். கீழே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே தரையில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள், நானும் பார்க்கிறேன். ம். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஐயோ, ஒருத்தர் வருகிறாரே. கண்டக்டர் சட்டை. வேகமாக வேறு வருகிறார். அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க, அண்ணாச்சி.

நாக்கு நுனியில் வந்து நிற்கிறது தம்பி, உள்ளே பாம்பு என்று. சொன்னால் இவர் ஓடிவிடுவார். ஆனால் ஓடிப்போய் நாலு பேரைக் கூட்டிவருவார், கம்போடு வருவார்கள், ஆஸ்பத்திரியே இந்தக் கதவுக்கு முன்னால் வந்து நிற்கும். ஊரை அப்படி ஒரு தடவை நிறுத்தினது போதும்.

அண்ணாச்சி, எம் மருமக உள்ள ஒண்ணுக்குப் போயிருக்கா. கதவுல தாழ்ப்பாள் இல்ல. அவ வர்ற வரைக்கும் யாரும் போகக்கூடாது.

கேட்டீர்களா? “சரி பெரியவரே” என்றார். அவ்வளவுதான். சிரிக்கவில்லை. கண்ணைச் சிமிட்டவில்லை. அவரும் நம்மோடு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார் பாருங்கள். இவ்வளவுதானா தம்பி? இதைச் சொல்ல இவ்வளவுதானா ஆகும்? மாசி மாதம் சாவடியில் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் சங்கையா ரெண்டு நாள் சிரித்திருப்பான். மூன்றாம் நாள் அவனுக்கு வேறு ஆள் கிடைத்திருக்கும்.

ஊருக்குப் போனதும் முதல் வேலை, பருத்திமாரை வெளியே இழுத்துப் போட வேண்டும். கோழிக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். குடம் தண்ணீர் நான் சுமப்பேன், யாராவது விசில் அடித்தால் அடிக்கட்டும். டாக்டரம்மா மறுபடியும் படத்தை விரிக்க ஒப்புக்கொள்வாரோ என்னவோ தெரியவில்லை, போய்க் காலில் விழுந்தாவது கேட்க வேண்டும். உங்கள் தங்கச்சிக்கும் தேவைப்பட்டால் சொல்லுங்கள். நான் இந்த இடத்தைவிட்டு நகரப்போவதில்லை. என்ன, இங்கே காற்று வராது.

கதவு திறக்கிறது. திரும்பாதீர்கள். அண்ணாச்சி, ஒரு நிமிஷம் பொறுங்க, அவ போகட்டும்.

போய்விட்டாள். வார்டு வாசலில் நிற்கிறாள் போலிருக்கிறது, கொலுசுச் சத்தம் அங்கே நின்றுவிட்டது. பானை மூடியை நகர்த்துகிறாள். டம்ளர் பானையில் முட்டுகிறது, கேட்கிறதா?

ஒரு டம்ளர்.

இன்னொன்று மொள்கிறாள். திரும்பாதீர்கள் தம்பி. குடிக்கட்டும்.